பெற்றோல் வரிசையில் பார்த்த நாலாவது ஆட்டம்

உவர்மலை:
2022 ஜூன் 11, சனிக்கிழமை. இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம். முதல்நாள் இரவே பைக்கை வரிசையில் விட்டுவிட்டு, பக்கத்தில் சாரத்தை விரித்துப் படுத்திருந்தேன். பெற்றோல் லீற்றர் 420 ரூபா, அந்த விலைக்கும் இல்லை. திருகோணமலையில், சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில் நாங்கள் றோட்டில் படுத்துக் கிடந்தது தனிக்கதை, அதை விடுவோம்.

காலை ஆறரைக்கு ஆட்டம். அமெரிக்க பாஸ்கெட்போல் லீக்கான NBAயின் வாரியர்ஸ் – செல்டிக்ஸ் இறுதித் தொடர், செல்டிக்ஸின் ஊரான பொஸ்டனில். முதலில் நாலு ஆட்டம் வெல்கிறவர்களுக்குக் கோப்பை. செல்டிக்ஸ் 2–1 முன்னுக்கு. மூன்றாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் ஸ்டெபன் கரிக்கு இடது காலில் அடி வேறு. போனை ஹெல்மெட்டில் சாய்த்து வைத்தேன், சார்ஜ் பாதிக்கும் கீழே.

"என்ன தம்பி, மெட்சா?" என்று முன்னால் நின்ற ஐயா எட்டிப் பார்த்தார். அன்றிரவு அவுஸ்திரேலியாவோடு நமக்கு கிரிக்கெட் இருந்தது, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லை ஐயா, பாஸ்கெட்போல்" என்றதும் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து குந்திவிட்டார். எண்பதுகளில் கப்பலில் வேலை செய்தவராம். கூட இருந்த பிலிப்பீன்காரர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் வீடியோ கசெட் தேடுவார்களாம். சாப்பாட்டு மேசையிலேயே லேக்கர்ஸ், செல்டிக்ஸ் என்று இரண்டு கட்சி. இவர் செல்டிக்ஸின் லாரி பேர்டின் ஆள்.

முதல் கால்பகுதியிலேயே கரி ஒரு த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி) போட்டுவிட்டு பொஸ்டன் சனத்தைப் பார்த்துக் கத்தினான். சிரித்துக்கொண்டு ஆடுகிறவன் அப்படிக் கத்தி நான் அதிகம் கண்டதில்லை. ஐயா முகத்தைச் சுளித்தார். கடைசிக் கால்பகுதி, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம், செல்டிக்ஸ் 94, வாரியர்ஸ் 90. அந்த நேரம் பார்த்தா வரிசை நகரவேண்டும்! ஸ்கூட்டரைப் பின்னால் நின்ற பொடியனிடம் தள்ளச் சொல்லிவிட்டு, என் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி ஐயா நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். நான் பைக்கை உருட்டிக்கொண்டே அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன். அதற்குப் பிறகு வாரியர்ஸ் 17, செல்டிக்ஸ் வெறும் 3. முடிவு 107–97. கரிக்கு 43 புள்ளி, 10 ரீபவுண்ட், ஏழு த்ரீ.

ஐயா கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "திரும்பவும் 107" என்றார். 1987, அதுவும் நாலாவது ஆட்டம், அதுவும் பொஸ்டன். இரண்டு செக்கன் இருக்க செல்டிக்ஸின் மக்ஹேலுக்கும் பரிஷுக்கும் மேலால் லேக்கர்ஸின் மேஜிக் ஜோன்சன் ஒற்றைக் கையால் வளைத்துப் போட்ட ஹூக். லேக்கர்ஸ் 107, செல்டிக்ஸ் 106. கடைசியாக பேர்ட் எறிந்தது வளையத்துக்குள் போகவில்லை. "எறிஞ்சது பேர்ட், போகும் எண்டுதான் நினைச்சனான்" என்றார், முந்தாநாள் தோற்றதுபோல.

பிறகு தேடிப் பார்த்தேன், ஒரு புள்ளி பிசகில்லை. அந்தத் தொடர் லேக்கர்ஸுக்கு 4–2, இது வாரியர்ஸுக்கு 4–2. ஐந்தாவது ஆட்டத்தில் கரி ஒன்பது த்ரீ எறிந்து ஒன்றும் போகவில்லை, கூட ஆடிய விக்கின்ஸ்தான் காப்பாற்றினான். ஆனாலும் நாலாவது கைவிட்டுப் போயிருந்தால் செல்டிக்ஸ் 3–1 முன்னுக்கு. கோப்பை அன்றைக்கே கைக்கு வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

கிண்ணியா:
அண்ணன், 3–1ஐக் கண்டு இவ்வளவு பயம் ஏன்? 2016 இறுதித் தொடரில் கிளீவ்லண்டின் லெப்ரோன் அதிலிருந்துதானே எழும்பி வந்தார், அதுவும் அந்த சீசனில் 73 வெற்றி எடுத்த உங்கட வாரியர்ஸுக்கு எதிராக! அது ரமழான் மாதம். சுபஹ் தொழுதுவிட்டு ஐந்தரைக்கு ஏழாவது ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம். 89–89இல் நாலு நிமிடத்துக்குக் கிட்ட ரெண்டு பக்கமும் ஒரு புள்ளி இல்லை. அதற்குள் லெப்ரோன் பின்னாலிருந்து ஓடிவந்து வாரியர்ஸின் இகுவாடலா எறிந்த பந்தை போர்டில் அறைந்தார். பிறகு லெப்ரோனோடு ஆடிய கைரியின் த்ரீ. கிளீவ்லண்டுக்கு 93–89. கத்தின கத்தில் தொண்டை வறண்டுபோச்சு. நோன்பு திறக்க இன்னும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கு!

நிலாவெளி:
அதெல்லாம் சரி, பெற்றோல் கிடைத்ததா?

உவர்மலை:
எங்களுக்கு ஆறு வண்டி முன்னால் முடிந்துவிட்டது. 14ஆம் திகதி ஐந்தாவது ஆட்டத்தையும் வரிசையில் இருந்துதான் பார்த்தோம். அன்றைக்கு ஐயா பவர் பேங்க் கொண்டுவந்தார்.