அதே கை

மந்தைவெளி வீடு – குடும்பக் குழு
ஞாயிற்றுக்கிழமை

சின்னா – காலை 9.04
அத்தை, கோபப்படாமல் படியுங்கள். ஐக்கிடோ என்ற இந்த ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பை இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் நேற்று இரவே சொல்லிவிட்டேன்.

அண்ணன் – 9.06
மூன்று மாதக் கட்டணம் கட்டியாயிற்று. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காரணத்தை நீயே உன் அத்தையிடம் சொல்.

சின்னா – 9.11
ஐந்து வகுப்புகள் போயிருக்கிறேன். ஐந்திலும் விழுவது மட்டும்தான். முன்னால் உருள், பின்னால் உருள், மறுபடியும் உருள். பிறகு முழங்காலால் நடக்கச் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் துடைப்பத்தைக் கொடுத்துப் பாயைப் பெருக்கச் சொல்கிறார்கள். என் நண்பன் குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்த பத்தாம் நாள் கையுறை மாட்டிவிட்டான்.

சின்னா – 9.13
இன்னொன்றும் இருக்கிறது. அங்கே கையைப் பிடிப்பவர் எதிர்ப்பதே இல்லை. பிடிக்கிறார், சுழல்கிறார், விழுகிறார். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு செய்வதுபோல் தெரிகிறது. நிஜமாகவே ஒருவன் வந்து சட்டையைப் பிடித்தால் இப்படியா விழுவான்?

அண்ணி – 9.15
எனக்கு அவனுடைய முழங்காலைப் பற்றித்தான் கவலை. வியாழக்கிழமை இரவு வந்தபோது இரண்டும் சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

நான் – 9.31
கோபம் இல்லை கண்ணா. குக்கரை இறக்கிவிட்டு வந்தேன், அதனால்தான் தாமதம்.

அண்ணி, அது பாயில் தோல் உரசுவதால் வருவது. கால்சட்டைக்குள் முட்டி உறை போட்டுக்கொண்டால் அடங்கிவிடும். மூட்டுக்கு உள்ளே வலித்தால் கதை வேறு. அப்போது முழங்கால் நடையை விட்டுவிட வேண்டும். சென்செயிடம் சொன்னால் நின்றபடியே செய்ய விடுவார். எங்கள் காலை வகுப்பில் வயதானவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை.

நான் – 9.38
சின்னா, நீ இரண்டாவதாகக் கேட்டதுதான் பெரிய கேள்வி. பெரும்பாலான ஐக்கிடோ பள்ளிகளில் போட்டி கிடையாது. டோமிகி கென்ஜி என்ற ஆசானின் வழியில் வந்த பிரிவில்தான் முக்கியமாகப் போட்டி வைக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒருவர் தாக்குவார், அவர் உகே. மற்றவர் நுட்பத்தைச் செய்வார், அவர் நாகே. வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் இரண்டு என்று நான்கு முறை முடிந்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். யார் எப்போது விழப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். அந்த அளவில் நீ பார்த்தது சரி.

பிடிக்காமலே விழுகிற உகேயும் உண்டு. அது தவறு. எங்கள் சென்செய் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார். பிடி உறுதியாக இருக்க வேண்டும், நாகே நகராவிட்டால் அடி அவர்மேல் விழ வேண்டும். ஆனால் நுட்பம் மூட்டில் ஏறிய பிறகும் நின்றுகொண்டிருந்தால் மணிக்கட்டோ தோளோ போய்விடும். உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உகே விழுகிறார்.

நாளைக்கே தெருவில் ஒரு சண்டைக்குத் தயாராக வேண்டும் என்றால் குத்துச்சண்டைக்கோ ஜூடோவுக்கோ போ. விரைவில் பலன் தருவது அதுதான். இதை மறைத்து உன்னை இங்கே பிடித்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

அண்ணன் – 9.41
இதைச் சேர்க்கும்போதே சொல்லியிருக்கலாம்.

நான் – 9.42
சொன்னேன் அண்ணா. நீ அப்போது வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாய்.

பெரியப்பா – 9.50
எனக்கு ஒரு சந்தேகம். இது சாமுராய்கள் காலத்துக் கலையா? சென்செய் என்றால் ஆசானா?

நான் – 9.58
சென்செய் என்ற சொல்லுக்கு நமக்கு முன்னால் பிறந்தவர் என்று பொருள் பெரியப்பா. நீங்கள் சொல்லும் ஆசான்தான். தோஜோ என்றால் வழி பயிலும் இடம்.

வேர் பழையது, கலை புதியது. இதை உருவாக்கியவர் உயேஷிபா மொரிஹேய். 1883இல் ஜப்பானின் தனாபே ஊரில் பிறந்தார். 1915இல் ஹொக்கைடோவில் தகேதா சோகாகுவைச் சந்தித்து அவரிடம் தாய்தோ-ரியூ என்ற கலையைக் கற்றார். இன்றைய ஐக்கிடோவின் பூட்டுகளும் எறிதல்களும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான். 1931இல் டோக்கியோவில் தோஜோ கட்டினார். ஐக்கிடோ என்ற பெயர் நிலைத்தது 1942இல்தான். 1969இல் மறைந்தார். அவருக்குப் பின் மகன் கிஷோமாரு, இப்போது பேரன் மொரிதேரு. வகுப்பு தொடங்கும்போது சுவரில் இருக்கும் ஒரு படத்தை நோக்கி எல்லோரும் குனிகிறோம் அல்லவா சின்னா, அந்த வெள்ளைத் தாடிக்காரர் அவர்தான்.

பெரியப்பா – 10.09
ஜூடோ கற்றவர்களும் அவரிடம் போனார்கள் என்று எப்போதோ படித்த நினைவு.

நான் – 10.11
ஆமாம் பெரியப்பா. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவே தம் மாணவர்கள் சிலரை அவரிடம் அனுப்பினார். மேலே சொன்ன டோமிகியும் ஜூடோ கற்றுவிட்டு அவரிடம் போனவர்தான்.

பெரியப்பா – 10.20
சின்னா, நான் உன் வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் சிலம்பம் பழகினேன். முதல் இரண்டு மாதம் ஆசான் கையில் கம்பே கொடுக்கவில்லை. காலடி வரிசை மட்டும்தான். களத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதும் நாங்கள்தான். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் உள்ளே வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கம்பு கைக்கு வந்த அன்று கால் தானாகப் போய் நின்றது. அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நீ உன் அத்தையைக் கேள்.

அண்ணி – 10.22
நடுவில் ஒரு செய்தி. நாளை அமாவாசை. வாழைக்காய் யார் வாங்கி வருகிறீர்கள்?

அண்ணன் – 10.23
நான் வாங்கி வருகிறேன்.

தங்கை – 10.30
அக்கா, அவன் விட்டால் அந்த இடத்தில் நான் சேரட்டுமா? உண்மையாகத்தான் கேட்கிறேன். நாற்பது வயதில் சேர்த்துக்கொள்வார்களா? தாலி, மெட்டி எல்லாம் என்ன செய்வது? அம்பத்தூரிலிருந்து காலையில் வந்து சேர முடியுமா?

நான் – 10.41
நானே நாற்பத்தொன்றில்தான் சேர்ந்தேன். வா. காலை வகுப்பு ஆறரைக்கு. அம்பத்தூரிலிருந்து முடியாது. முந்தின இரவே இங்கே வந்து தங்கிவிடு. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் திருவான்மியூர். அங்கிருந்து நடந்துவிடலாம்.

வளையல், கொலுசு, மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். கூடப் பயில்பவரின் விரல் எதிலும் மாட்டக் கூடாது என்பதுதான் காரணம். மெட்டியைக் கழற்றியபோது அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது நான் கிளம்பும்போது அம்மாவே குங்குமச் சிமிழ் ஒன்றை நீட்டுகிறாள், அதில் போட்டுவிட்டுப் போகிறேன். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டேன். பனியனுக்குள் விட்டு மேலே ஒரு பட்டை ஒட்டிவிடுவேன். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும்.

உடையில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது ஜப்பானில் இறந்தவருக்கு உடுத்தும் முறை. முதல் நாள் நான் அப்படித்தான் கட்டிக்கொண்டு போனேன். ஒருவர் ஓடி வந்து திருத்தினார்.

சின்னா – 10.44
அத்தை, நீங்கள் பதில் சொல்லாத ஒன்று பாக்கி. ஏன் விழுவது மட்டும்?

நான் – 11.15
இதை எழுதக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்று நிக்யோ. ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடிப்பார். பிடித்த அவருடைய கையை உட்பக்கமாக மடக்கி, அவருடைய நடு உடம்பை நோக்கிக் கீழே இறக்க வேண்டும். சிறு அசைவுதான், ஆனால் வலி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறும். தாங்க முடியாதபோது உகே மற்றொரு கையால் பாயைத் தட்டுவார். தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது.

எனக்கு உகேயாக வந்தவர் அறுபதைத் தாண்டியவர். முந்தின நாள் அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு சொல் சொல்லியிருந்தார். எல்லோர் முன்னாலும். அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என் கையைப் பிடித்தார். மடக்கினேன். அவர் பாயைத் தட்டினார். மின்விசிறிச் சத்தத்தையும் தாண்டி அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் நான் உடனே விடவில்லை. அரை நொடிதான். அந்த அரை நொடியில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து குனிந்து வணங்கிவிட்டு ஓரமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். துண்டை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் – 11.21
அடுத்த வாரம் முழுவதும் அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். நான் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சென்செய் அன்றும் நிக்யோவையே காட்டினார். எல்லோரும் இணை தேடி எழுந்தபோது அவர் நேராக என் முன்னால் வந்து அமர்ந்து, "ஒனெகாய்ஷிமாஸ்" என்று குனிந்தார். தயவுசெய்து பயிற்சி கொடுங்கள் என்று கேட்பது அது. பிறகு எழுந்து வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அதே கை. மஞ்சள் பற்றின் கறை இன்னும் போகவில்லை.

இடது பக்கம் செய்யலாமே ஐயா என்றேன். "சென்செய் முதலில் வலதுதானே காட்டினார்" என்றார். அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்குவதுபோல் அந்தக் கையை இறக்கினேன். வேகத்தை விட்டதும் அவருடைய முழங்கை எந்தப் பக்கம் திரும்புகிறது, எடை எந்தக் காலுக்குப் போகிறது என்பதெல்லாம் என் விரல்களுக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக வராத நிக்யோ அன்று வந்தது. அவர் முழங்காலிட்டு அமர்ந்து, பாயை மெல்லத் தட்டினார். விட்டேன்.

நான் – 11.26
உகே தன் உடம்பையே நம்மிடம் கொடுக்கிறார் சின்னா. வாங்கியபடி திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றில் அவர் நம்முடையதை வாங்குவார். விழத் தெரியாதவனிடம் யாரும் ஒரு நுட்பத்தையும் முழுதாகச் செய்து பார்க்க முடியாது, அடிபட்டுவிடுவான். உன்னைக் காக்க வைக்கவில்லை, கூட்டாளியாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி உன் பட்டையின் முடிச்சைப் பார். கையை முதுகுக்குப் பின்னால் ஊன்றாதே, ஊன்றினால் மணிக்கட்டு முறியும். முன்னால் உருளும்போது சுண்டுவிரல் ஓரம், முன்கை, தோள், அங்கிருந்து குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பு. தலை பாயைத் தொடவே கூடாது. இதை நான் ஒழுங்காகச் செய்ய நான்கு மாதம் ஆயிற்று.

பெருக்குவது எல்லோருக்கும் உண்டு. ஹகாமா என்ற அகலமான மடிப்புக் கால்சட்டை கட்டிய கருப்புப் பட்டைக்காரர்கள் துடைப்பம் எடுப்பதை அடுத்த முறை கவனித்துப் பார்.

தங்கை – 11.28
அக்கா. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

நான் – 11.29
வெட்கமாக இருந்தது.

சின்னா – 11.40
அவர் இப்போதும் வருகிறாரா?

நான் – 11.41
வருகிறார். சில நாள் மாலை வகுப்புக்கும் வருவார். நீயும் பார்த்திருப்பாய். வெள்ளை மீசை, உயரமானவர், இடது காதில் கேட்கும் கருவி.

சின்னா – 11.43
அவரா?

சின்னா – 11.45
வியாழக்கிழமை எனக்குப் பின்னால் விழக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் அத்தை. இருபது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் என் தலைக்குக் கீழே கையைக் கொண்டுவந்து வைத்தார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை என் தலை அவர் விரல்மேலேயே விழுந்தது.

அண்ணன் – 11.52
எந்தக் கை?

சின்னா – 11.53
வலது.

பெரியப்பா – 12.05
அவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

அம்மா – 12.30
எல்லாவற்றையும் படித்தேன். சின்னா, உன் வெள்ளைச் சட்டைக்குக் கை நீளமாக இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டு வா, மடித்துத் தைத்துத் தருகிறேன்.

நான் – 12.33
அம்மா, புதுத்துணி, இப்போதே தைக்காதே. கெட்டிப் பருத்தி, இரண்டு சலவையில் நன்றாகச் சுருங்கும். முதலில் துவைத்துக் காய வைக்கட்டும், பிறகு அளவெடுக்கலாம்.

அண்ணி – 12.36
இந்த மழையில் அது காய இரண்டு நாள் ஆகும்.

சின்னா – 12.50
வாளியில் ஊற வைத்துவிட்டேன் பாட்டி.