அசனத்துக்கு நாற்பது பேர், ஞாயிறு பள்ளிக்கு இரண்டு பேர்

சேகரத்துப் பையன்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாசரேத் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதி, எங்களுடையது. வாலிபர் சங்கச் செயலாளர் பொறுப்பை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அசனப் பண்டிகை, அதாவது சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து என்றால் எங்கள் பையன்கள் கூப்பிடாமலே வருவார்கள். முந்தின ராத்திரி வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, சோற்றை வடித்துப் பாயில் கொட்டி, பந்தி பரிமாறி, அண்டா கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் நிற்பார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிறவன்கூட லீவு போட்டு வந்துவிடுகிறான். அதே பையனை ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டால் "பார்க்கலாம்ணே" என்பதோடு சரி. மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வருகிறது, கையில் இருப்பது இரண்டே பேர். கமிட்டிப் பெரியவர்கள் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்கிறார்கள். பக்தி இல்லாதவன் விடிய விடிய அடுப்புப் புகையில் நிற்பானா? உங்கள் சபைகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பாளையங்கோட்டை டீச்சர்:
தம்பி, அசனத்தில் வேலை என்னவென்று கண்ணுக்குத் தெரிகிறது. எப்போது முடியும் என்றும் தெரியும். பக்கத்தில் கூட்டாளி இருக்கிறான். ஞாயிறு பள்ளியில் நாம் என்ன செய்கிறோம்? பாடப் புத்தகத்தை நீட்டி "இனிமேல் இந்த வகுப்பு உன் பொறுப்பு" என்கிறோம். எத்தனை வருடத்துக்கு என்று யாரும் சொல்வதில்லை. கல்யாணம் ஆகி ஊரை விட்டுப் போனால்தான் விடுதலை. நானே அப்படி மாட்டிக்கொண்டவள்தான், அது வேறு கதை.

அதனால் முதலில் தவணையைச் சொல்லுங்கள். "வி.பி.எஸ். முடிகிற வரைக்கும்", இல்லையென்றால் "ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும்". அறிவிப்பு நேரத்தில் "ஆர்வமுள்ள வாலிபர்கள் முன்வரலாம்" என்று வாசித்தால் ஒவ்வொருவனும் பக்கத்து ஆளைத்தான் பார்ப்பான். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், அதுவும் அவனுக்கு வருகிற வேலையைக் கேளுங்கள்.

எங்கள் சபையில் ஒரு பையன், பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். வாயே திறக்க மாட்டான், ஆனால் படம் போடுவான். மீன் வயிற்றுக்குள் இருந்த யோனா கதைக்குச் சார்ட் மட்டும் வரைந்து தா என்றேன். தெர்மோகோலில் மீனே செய்து கொண்டுவந்துவிட்டான், வாயைத் திறந்து மூடுகிற மாதிரி, நூல் கட்டி. நூலை எப்படி இழுப்பது என்று அவனுக்குத்தானே தெரியும்? கதை சொல்லும்போது பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நாள் ஒரு பொடியன் "அண்ணே, மீனுக்குள்ள இருட்டா இருக்காதா?" என்று கேட்க, இவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். இப்போது சின்ன வகுப்பு அவன் கையில்தான்.

இன்னொன்று, காசு. கலர் பேப்பர், சார்ட், பெட்ரோல் எல்லாம் அவன் பையிலிருந்துதான் போகிறது. வேலை இல்லாத பிள்ளை வாய்விட்டுக் கேட்காது, மெதுவாக வருவதை நிறுத்திக்கொள்ளும். முன்பணம் கொடுத்து, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகள் வரவேண்டுமென்றால் பயிற்சியை விளக்கு வைக்கும் முன்னே முடியுங்கள். அம்மாமாரிடம் ஐயரம்மாவை (போதகர் ஐயரின் மனைவி) விட்டுப் பேசச் சொன்னால் பாதி வீடு சம்மதித்துவிடும்.

நைட் ஷிப்ட்:
வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன், ஊர் உங்கள் பக்கம்தான். டீச்சர் சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். எங்களுக்கு வருகிற வேலை நாற்காலி தூக்குவது, சீரியல் லைட் கட்டுவது. கேரல் ரவுண்டில் (கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போவதில்) எவ்வளவு வசூல் என்று கேட்டால் பெரியவர்கள் முகம் மாறிவிடுகிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான வேதநாயகம் அசரியாவுக்கு அப்போது வயது 28. நம்ம வெள்ளாளன்விளைக்காரர். இன்றைக்கு 28 வயதுக்காரனிடம் மைக் செட் அறைச் சாவியைக் கொடுக்க நாலு பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வர முடியாதவனுக்கும் வேலை கொடுங்கள். எங்கள் சபைக்குப் பாட்டு ஸ்லைடு நான்தான் போடுகிறேன். பாமாலை, கீர்த்தனை எண்கள் வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் என் நிபந்தனை.

சமூகப் பணியாளர்:
ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இதை விட்டுவிடாதீர்கள். எந்த வகுப்பிலும் ஒரே ஒரு தொண்டர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேர். கதவு திறந்திருக்கட்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். உதவிக்கு வரும் பிளஸ் டூ பிள்ளையும் அதில் அடக்கம், அவரை நம்பி வகுப்பை விட்டுவிட்டுப் போக முடியாது. தவறு நடந்தது தெரிந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கிற விஷயமில்லை, போலீஸுக்குத் தகவல் கொடுப்பது சட்டக் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வருகிற வாலிபர்களுக்கு முதல் நாளே ஒரு மணி நேரம் இதைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் பாதுகாப்பு.

சேகரத்துப் பையன்:
நன்றி. டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் பொருளாளர் பில் இல்லாமல் ஒரு ரூபாய் தரமாட்டார். முன்பணத்தை யார் பெயரில் எழுதுவது?

பாளையங்கோட்டை டீச்சர்:
உங்கள் பெயரில்தான், செயலாளர் என்று வவுச்சர் போட்டு. ஐயர் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள், பிறகு பொருளாளரிடம் போங்கள்.