போரடிக்கிற மாட்டின் வாய்: தோரா வசனங்கள் நேரில் எதிர்ப்பட்ட அனுபவங்கள்

குமரிக்காரி (தொடக்கப் பதிவு)

ஞாயிறு பள்ளியில் நான் முதலில் மனப்பாடம் செய்த வசனங்களில் ஒன்று, ஆதியாகமத்தின் "பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி". 'கீழ்ப்படுத்தி' வரும்போது இரண்டு கையையும் தரையைப் பார்த்து அமுக்கிக் காட்ட வேண்டும். ஆடு மாடு, மரம் மட்டை எல்லாம் நமக்காகவே உண்டாக்கப்பட்டவை என்றுதான் முப்பது வயதுவரை எண்ணியிருந்தேன். ஒரு பாட்டியின் கோழிக்கூடு அந்த எண்ணத்தை மாற்றியது. உங்களுக்கும் இப்படி, யூதர் தோரா என்று சொல்லும் மோசேயின் ஐந்தாகமத்து வசனம் எதுவும் நேரில் வந்து நின்றிருந்தால் இங்கே சொல்லுங்கள்.

2018 முதல் 2023 வரை இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலை பார்த்தேன். எருசலேமுக்கு மேற்கே, மலை இறங்கிச் சமவெளி தொடங்கும் இடத்தில் ஒரு மொஷாவ். விவசாயக் குடும்பங்கள் கூட்டுறவாக வாழும் கிராமம் அது. பாட்டி சிறு பிள்ளையாக ஏமனிலிருந்து வந்தவர். எல்லாரையும்போல நானும் அவரை 'ஸாவ்தா' என்றே கூப்பிடுவேன். பாட்டி என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் ரொட்டியும் தேநீரும் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு அப்போது எபிரேயம் பத்து வார்த்தைகூடத் தெரியாது. தேநீர் ஆறிப்போனது, சூடாக்கிக் கொடுத்தேன், அதையும் தொடவில்லை. மகள் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது: கொல்லையில் ஆறு கோழிகள், அவற்றுக்கு இன்னும் தீனி வைக்கவில்லை. உபாகமம் 11-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் முதலில் மிருகங்களுக்குப் புல் முளைக்கச் செய்வேன் என்கிறார், அதற்குப் பிறகுதான் நீ சாப்பிட்டுத் திருப்தியாவாய் என்கிறார். அந்த வரிசையை வைத்து, வீட்டு உயிர்களுக்குத் தீனி வைக்காமல் மனிதன் வாயில் எதையும் போடக்கூடாது என்று, யூதரின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத்தின் ரபிமார் (வேத ஆசிரியர்கள்) விதித்தார்கள். காலையும் மாலையும் சொல்லும் ஷெமா ஜெபத்திலேயே அந்த வசனம் இருக்கிறது. மறுநாளிலிருந்து ஜன்னலுக்குக் கீழே நின்று தகர டப்பாவைக் குலுக்குவேன். கோழிகள் ஓடிவரும் சத்தம் கேட்ட பிறகு ஸாவ்தா கை கழுவி ரொட்டியைப் பிட்பார்.

2021 செப்டம்பரில் ஓய்வு வருஷம் பிறந்தது. ஷெமிட்டா என்பார்கள், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை. விதைப்பு இல்லை, உழவு இல்லை, கிளை கழிப்பதில்லை. செடி சாகாத அளவுக்குத் தண்ணீர் மட்டும் விடலாம். தோட்டத்துக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் வந்து பழம் பறித்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, இரண்டு தடவை கதவைச் சாத்தினேன், இரண்டு தடவையும் திட்டு விழுந்தது. சமையலறையில் தனியாக ஒரு சின்னத் தொட்டி வந்தது. அந்த வருஷத்து விளைச்சலில் மிஞ்சியதைக் குப்பையில் கொட்டக்கூடாது. அழுகி உணவு என்ற நிலை மாறும்வரை அந்தத் தொட்டியில் மரியாதையாகக் கிடக்க வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது 2023 மே மாதம் நடந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில் எங்கள் மரத்து ஒலிவக்காயை இரண்டு ஜாடி ஊறுகாய் போட்டிருந்தோம். அது ஓய்வு வருஷத்தில் திரண்ட காய். பெந்தெகொஸ்தே பண்டிகை வருவதற்குள் அந்த ஜாடிகளை வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேர் முன்னால், "இது இனி என்னுடையது இல்லை, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்ல வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். லேவியராகமம் 25-இல் ஓய்வு வருஷத்து விளைச்சல் உனக்கும் உன் வேலைக்காரருக்கும் உன் மாட்டுக்கும் காட்டு மிருகத்துக்கும் ஆகாரம் என்று ஒரே மூச்சில் இருக்கிறது. காட்டில் இருக்கும் மிருகத்துக்கு அந்தக் காய் கிடைக்கும்வரை நீயும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே தீர்ந்துபோனால் உன் வீட்டிலும் தீர வேண்டும். ஒலிவத்துக்கு அந்தக் கெடு பெந்தெகொஸ்தே. ராத்திரியில் குள்ளநரி ஊளையிடும் திசையைக் காட்டி ஸாவ்தா சொன்னார்: "அவனுக்கு இல்லாததை நான் பூட்டி வைக்கலாமா?"

மூன்று பேர் வந்தார்கள், கேட்டார்கள், ஆளுக்கு இரண்டு காய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். ஜாடியை நானே திரும்ப உள்ளே தூக்கி வைத்தேன். அதற்கும் அனுமதி உண்டு. ஆனால் தூக்கியபோது அது நேற்றைய ஜாடியாக இல்லை.

அன்றைக்கு என் தமிழ் வேதாகமத்தை எடுத்து அதே அதிகாரத்தை வாசித்தேன். "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால்" என்று தொடங்கும் வசனம், நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும் என்று முடிகிறது. புறக்குடி! ஊர்ப் பக்கம் அடுத்தவர் விளையில் குடிசை போட்டு இருந்தவர்களின் நிலை எனக்குத் தெரியும். பட்டா வைத்திருப்பவரையும் சேர்த்து எல்லாரையும் அந்த இடத்தில்தான் அந்த வசனம் வைக்கிறது.

பொருநைக்கரை

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு இஸ்ரேல் தெரியாது. என் அனுபவம் எங்கள் களத்துமேட்டில்.

எங்கப்பா உபதேசியார், ஊர்க் கோயில் ஊழியக்காரர். கொஞ்சம் நஞ்சை நிலமும் இருந்தது. எழுபதுகளில் எங்களூரில் சூடு அடிக்க, அதாவது வைக்கோலிலிருந்து நெல்லைப் பிரிக்க, பிணையல்தான் ஓட்டுவார்கள். நாலைந்து மாட்டைச் சேர்த்துக் கட்டி, வைக்கோல்மேல் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவது. மாடு சாணி போட வாலைத் தூக்கியதும் ஒரு கை வைக்கோலை ஏந்திப் பிடித்து, நெல்லில் விழாமல் வாங்க வேண்டும். அது பையன்கள் வேலை, அதாவது என் வேலை. மற்ற களங்களில் மாட்டுக்கு வாய்க்கூடு போட்டிருப்பார்கள். எங்கள் மாட்டுக்கு அப்பா போட விடமாட்டார். "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக", உபாகமம் 25:4. கூலிக்கு வந்தவர்களே, "ஐயா, ஒரு நடைக்கு ஒரு மரக்கால் போகுதே" என்று வருத்தப்படுவார்கள். "அது மிதிச்ச நெல்லு, அது திங்குது" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

எங்கள் கோயிலில் இந்த வசனம் வந்தால் பிரசங்கம் எப்போதும் ஊழியக்காரர் சம்பளம் பற்றியதாகவே இருக்கும். புதிய ஏற்பாட்டில் பவுல் அப்படித்தான் எடுத்துக்காட்டுகிறார், "தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?" என்று கேட்கிறார். அப்பாவே உபதேசியார், அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஆனாலும் ஒரு முறை அவர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "பவுல் சொன்னது அவர் காரியத்துக்கு. மோசே சொன்னது மாட்டுக்கு. மாட்டை எடுத்துட்டா அந்த வசனத்துல ஒண்ணும் மிச்சமில்ல."

பால்பண்ணைத் தம்பி

அக்கா, நான் கால்நடைப் பயிற்சிக்காக இஸ்ரேலில் பெத்ஷெயான் பள்ளத்தாக்கில் 11 மாதம் இருந்தேன். பக்தியுள்ள யூதர்களின் கிப்புட்ஸ், அதாவது எல்லாம் பொதுச் சொத்தாக வாழும் கூட்டுக் கிராமத்தின் பண்ணை.

வெள்ளி சாயங்காலம் சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் லைட் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். சரி, அப்போது பால் கறப்பது? கறக்காவிட்டால் மடி கல்லாகிவிடும், மாடு நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைக்கும். பத்துக் கட்டளையிலேயே ஓய்வுநாள் உன் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான். ஓய்வின் பெயரால் அதற்கு வலி கொடுப்பது எப்படி? உயிருள்ளதை நோகவிடக்கூடாது என்பது அவர்களிடம் தோராவிலிருந்தே வரும் விதி. அதற்காக யூதரல்லாத ஆளைக் கறக்கச் சொல்லலாம் என்று பழைய சட்டநூல்களிலேயே இருக்கிறது. இப்போது வெள்ளிக்கிழமையே நேரம் வைத்துவிட்டால் இயந்திரம் தானாக இயங்குகிறது. பழைய ஆள் ஒருவர் சொன்னார், அந்தக் காலத்தில் பாலை வாளியில் பிடிக்காமல் தரையில் விட்டுக் கறந்த நாள் உண்டாம். பால் போனால் போகட்டும், மாடு நோகக்கூடாது. ஈரத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இன்னொன்று. அதே பள்ளத்தாக்கில் ஸ்தே எலியாகு என்ற கிப்புட்ஸில் 1983 முதல் வெண்கூகைக்கு மரப்பெட்டி வைக்கிறார்கள். வயல் எலிக்கு விஷம் வைத்தால் அதைத் தின்னும் பருந்தும் சேர்ந்து சாகிறது என்பதால் இந்த ஏற்பாடு. யோர்தான் பக்கத்து விவசாயிகளும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நம்மூரில் கூகை அலறினால் சாவு என்போம். லேவியராகமம் 11-இலும் ஆந்தை வகைகள் தீட்டுப் பறவைகள்தான். பண்ணைக்காரரிடம் கேட்டேன். "தின்னாதே என்று எழுதியிருக்கிறது, கொல் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். அந்தப் பட்டியலை நான் அதுவரை அருவருப்பின் பட்டியலாகவே வாசித்திருந்தேன். ஆனால் மனிதன் கைவைக்கக்கூடாத உயிர்களின் பட்டியலும் அதுதானே!

மொட்டைமாடி

ஆய்வுப் பணிக்காக எருசலேமில் இரண்டு வருடம் இருந்தேன். ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டி இரண்டு முட்டை இட்டிருந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து, "உங்கள் அனுமதியோடு ஒரு கட்டளையை நிறைவேற்றலாமா?" என்று கேட்டார். உபாகமம் 22: வழியில் கூடு கண்டால் குஞ்சோடு தாயைப் பிடிக்காதே, தாயைப் போகவிட்டுப் பிறகு எடு, அப்போது உனக்கு நன்மையும் நீடித்த நாட்களும் உண்டாகும். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதற்குச் சொன்ன அதே பலன்.

பகலில் வந்தவர், சாயங்காலம்தான் வர வேண்டும் என்று தானே சொல்லித் திரும்பிப் போய்விட்டார்! பகலில் அடை இருப்பது ஆண் புறாவாம், இருட்டும் நேரத்திலிருந்து காலைவரை பெண். தாய் என்று எழுதியிருப்பதால் தாய் இருக்கும்போதுதான். அந்த நுணுக்கமான கவனம் எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் வந்து குச்சியால் ஏசி பெட்டியில் லேசாகத் தட்டினார். புறா எதிர் மாடிக்குப் பறந்தது. முட்டையை எடுத்து உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்திருந்து, திரும்ப வைத்துவிட்டார்.

எனக்கு மனது ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன். அந்தப் புறா எதிரே கைப்பிடிச் சுவரில் நடந்துகொண்டே இருந்தது. வேண்டாத முட்டைக்காக இதை ஏன் பதற வைக்க வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் கோபிக்கவில்லை. அவர்களுக்குள்ளேயே இது பழைய வழக்கு என்றார். "உன் இரக்கம் பறவைக்கூடுவரை எட்டுகிறது" என்று ஒருவன் ஜெபித்தால் அவனை நிறுத்து என்கிறது மிஷ்னா, தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பு. ஏனென்றால் இது கட்டளை, இரக்கம் என்று நீ பெயர் வைக்காதே என்பது ஒரு பக்கம். தன் குஞ்சுக்காகத் துடிப்பதில் மிருகத்துக்கும் மனிதனுக்கும் வேறுபாடு இல்லை, அதனால்தான் இந்தக் கட்டளை என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிதீஸ் எழுதியது மறுபக்கம். தகப்பன் சொல்லி ஏணியில் ஏறிய மகன் தாய்ப்பறவையை விரட்டிவிட்டு இறங்கும்போது விழுந்து செத்த கதையும் தல்மூத்தில் இருக்கிறது. நீடித்த நாட்கள் எங்கே போயின என்ற கேள்வியில் எலிசா பென் அபூயா என்ற பெரிய அறிஞரே நம்பிக்கை இழந்தார் என்று ஒரு பாரம்பரியம். பெரியவர் இதையெல்லாம் என் படிக்கட்டில் நின்றுகொண்டே சொன்னார். நான் இன்னும் மைமோனிதீஸ் பக்கம்தான்.

மட்டக்களப்பான்

அக்கா, கோபிக்க வேண்டாம். மாட்டுக்கு ஓய்வுநாள் குடுத்த அதே புத்தகம்தானே ஆட்டையும் மாட்டையும் பலிபீடத்தில வெட்டச் சொல்லுது? லேவியராகமம் தொடங்குறதே இரத்தத்தோட. இதை எப்படிச் சேர்த்துப் பாக்கிறீங்கள்?

குமரிக்காரி

கோபம் எதுவும் இல்லை தம்பி. நானும் இதில் மாட்டிக்கொண்டவள்தான்.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கும் மிருகத்துக்கும் கொடுத்தது சைவச் சாப்பாடுதான்: மனிதனுக்கு விதைதரும் பூண்டும் கனியும், மிருகத்துக்குப் பசும்பூண்டு. ஜலப்பிரளயத்துக்குப் பிறகுதான் இறைச்சிக்கு அனுமதி, அதுவும் உயிராகிய இரத்தத்தைத் தொடாதே என்ற கண்டிப்போடு. அடுத்த மூச்சிலேயே உடன்படிக்கை வருகிறது, அது நோவாவோடு மட்டுமல்ல, பேழையைவிட்டு வந்த பறவை, நாட்டு மிருகம், காட்டு மிருகம் எல்லாவற்றோடும். தமிழில் நாம் மிருகங்களை ஜீவஜந்துக்கள் என்றும் மனிதனை ஜீவாத்துமா என்றும் வாசிக்கிறோம். எபிரேயத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், நெஃபெஷ் ஹய்யா. ஸாவ்தாவின் மகள் அதை எனக்கு விரல் வைத்துக் காட்டினாள்.

பாவநிவாரண நாளுக்கு முன்னால் மொஷாவுக்குக் கோழி அறுக்க ஒருவர் வருவார். கத்தியை நகத்தில் இழுத்து இழுத்துப் பார்ப்பார், நூலளவு பிசிறு இருந்தாலும் அதால் அறுக்கமாட்டார். முதலில் தரையில் சாம்பல் பரப்புவார். அறுத்ததும் ஒரு ஜெபம் சொல்லி, கையால் சாம்பலை அள்ளி இரத்தத்தை மூடுவார். லேவியராகமம் 17:13. பார்த்தால் மண் போட்டு அடக்கம் பண்ணுகிற மாதிரியே இருக்கும். ஆனால் அதே இடத்தில், அறுபடக் காத்திருந்த கோழிகள் கூடைகூடையாக வெயிலில் நாக்கு வறண்டு கிடந்தன. வந்திருந்தவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. ஸாவ்தா என்னிடம் ஒரு பேசினில் தண்ணீர் கொடுத்தனுப்பினார். கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றுக்கும் காட்டினேன், ஒவ்வொன்றும் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திக் குடித்தது. அறுக்கப் போகிற கோழிக்குத் தண்ணீர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, சொல்ல மொழியும் போதவில்லை. உங்கள் கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை தம்பி. அந்தப் பேசினைத்தான் காட்ட முடிகிறது.

ஸாவ்தா 2023 ஆகஸ்டில் இறந்துபோனார். அடக்கம் அன்றைக்கே முடிந்துவிட்டது. மறுநாள் விடிவதற்குள் வீடு நிறைய ஆட்கள், துக்கம் கேட்க வந்தவர்கள் தாழ்ந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ எனக்கு ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து கையில் வைத்தார்கள். ராத்திரி முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை, வாய்வரை கொண்டுபோய்விட்டேன். அதைப் படியில் வைத்துவிட்டு எழுந்துபோய் டப்பாவைக் குலுக்கினேன். உள்ளே இருந்த மகள் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தாள்.