கிரேடு டூ ஸ்டார் மாளிகை: சாஷ் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட அனுமதி கிடைக்குமா?

வரைபலகை:
இங்கிலாந்தில் 1780-களில் கட்டிய கிராமப்புற மாளிகை. சட்டப் பாதுகாப்புள்ள வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் கிரேடு டூ ஸ்டார், அதாவது மூன்று படிகளில் நடுப்படி. மேல் ஆறு, கீழ் ஆறு சதுரமாகக் கண்ணாடி பதித்த, மேலும் கீழும் நகரும் மரச் சாஷ் ஜன்னல்கள். குளிர் தாங்கவில்லை என்று உரிமையாளர் இரட்டைக் கண்ணாடி கேட்கிறார். பட்டியல் குறிப்பில் ஜன்னலைப் பற்றி ஒரே வரி. உட்புற மர ஷட்டர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. குறிப்பில் இல்லாததற்குப் பாதுகாப்பும் இல்லை என்று வாதிட முடியுமா? பின்புறக் குதிரை லாயம் தனியாகப் பட்டியலில் ஏறவில்லை. அதை இடிக்கலாமா?

பழையசுவர்:
வாதிட முடியாது. பழைய பட்டியல் குறிப்புகள் எந்தக் கட்டடம் என்று அடையாளம் காட்ட எழுதியவை. எதெல்லாம் பாதுகாப்பில் வருகிறது என்று அவை கணக்கெடுக்கவில்லை. பட்டியல் கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளும் புறமும் சேர்த்தி, கட்டடத்தோடு பொருத்திய எல்லாமே சேர்த்தி. 'முகப்பு மட்டும்தான் லிஸ்டட் (பட்டியலில் உள்ளது)' என்பது வீடு விற்கிற இடத்தில் அடிக்கடி காதில் விழும் கதை. 2013-க்குப் பிறகு எழுதிய சில குறிப்புகளில் இன்ன பகுதிக்குச் சிறப்பு இல்லை என்று வெளிப்படையாகவே விலக்கியிருப்பார்கள். அந்த வரி இருந்தால்தான் விலக்கு.

லாயத்துக்குத் தேதிதான் முக்கியம். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே மாளிகையின் வளாகத்துக்குள் நிற்கிறதென்றால், தனியாகப் பட்டியலில் இல்லாவிட்டாலும் மாளிகையின் பாதுகாப்பு அதற்கும் பொருந்தும். வளாகத்துக்குள் வருகிறதா என்பதை மூன்று விஷயங்களை வைத்துப் பார்ப்பார்கள்: இரண்டும் நிற்கும் அமைப்பு, அன்றும் இன்றும் யார் உரிமை, எதற்குப் பயன்பட்டது. இடிப்பதற்கு முன் உள்ளூர்க் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதியின்றிக் கை வைத்தால் அது கிரிமினல் குற்றம். வரம்பில்லாத அபராதம், 2 ஆண்டுகள் வரை சிறை. சாதாரணத் திட்ட விதிமீறலுக்கு இருப்பது போல 'இத்தனை வருடம் கடந்துவிட்டது' என்ற கால வரம்பு இதற்குக் கிடையாது. முந்தைய உரிமையாளர் செய்ததைப் பழையபடி மாற்றச் சொல்லி இன்றைய உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். வாங்குவதற்கு முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

உளிச்சத்தம்:
ஜன்னலுக்கு வருவோம். கவுன்சில் சம்மதிக்குமா என்பதற்கு முன்னால் ஜன்னலின் மரச் சட்டம் தாங்குமா என்று பாருங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. பழைய கண்ணாடி 2 மி.மீ. என்றால் 5 கிலோ. 4 மி.மீ. கண்ணாடி இரண்டு போட்டால் 20 கிலோ. சாஷைச் சமன்செய்ய ஜன்னலோரப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடைகள் இதற்கு ஈடு கொடுக்காது. பெட்டியில் நீளமான இரும்பு எடைக்கு இடம் இல்லாததால் ஈயத்தில் வார்க்க வேண்டியிருக்கும். கயிறும் கப்பியும் கூடுதல் பாரத்தை இழுக்கும்.

அடுத்தது கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்கள். அந்தக் காலத்தில் அவற்றின் முகம் பெரும்பாலும் 20 மி.மீ-க்கும் குறைவு. இரட்டைக் கண்ணாடியின் ஓர முத்திரையை (இரண்டையும் விளிம்பில் ஒட்டி அடைக்கும் பட்டை) மறைக்க அந்த அகலம் போதாது. அகலப்படுத்தினால் முகப்பின் மெல்லிய கோடுகள் தடித்துவிடும். ஒரே பெரிய கண்ணாடி போட்டு மேலே குறுக்குச் சட்டம் ஒட்டுவது இன்னும் மோசம்: ஒவ்வொரு சாஷிலும் ஆறு சதுரமும் ஒரே தளத்தில் தட்டையாக மின்னும். பழைய கண்ணாடியில் ஒவ்வொரு துண்டும் சற்று வேறு கோணத்தில் நின்று வானத்தைக் கலங்கலாகக் காட்டும். கவுன்சிலின் பாதுகாப்பு ஆபீசர் காப்பாற்றப் பார்ப்பது இதையும்தான். போதாததற்கு, கண்ணாடி பதிக்கும் ஆளி எண்ணெய்ப் பசை பட்டால் பல ஓர முத்திரைகள் கெடும், பிறகு உள்ளே மூடுபனி.

முதலில் ஜன்னலைச் சரிசெய்யுங்கள். சாஷை உள்பக்கம் தடுத்து நிற்கும் மெல்லிய மணிச்சட்டத்தைக் கழற்றி, கயிற்றை முடிச்சிட்டுப் பிடித்துக் கீழ்ச் சாஷை எடுங்கள். பிறகு இரண்டு சாஷுக்கும் இடையிலுள்ள நடுச்சட்டத்தை உருவி மேல் சாஷை இறக்குங்கள். மக்கிய இடம் பெரும்பாலும் சாஷின் கீழ்க்கட்டை மூட்டிலும் ஜன்னலுக்கு அடியிலுள்ள படிக்கட்டையின் இரு முனையிலும்தான் இருக்கும். மக்கியதை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டுப்போடுங்கள். ஒட்டு வெட்டு தண்ணீர் வெளியே வடியும்படி சரிந்திருக்கட்டும். திரும்பப் பொருத்துமுன் சாஷைத் தராசில் வையுங்கள். மேல் சாஷின் எடைகள் சாஷைவிடச் சற்றுக் கூடுதலாகவும், கீழ்ச் சாஷின் எடைகள் சற்றுக் குறைவாகவும் இருந்தால் இரண்டும் தானாக மூடி நிற்கும். நடுச்சட்டத்தில் தூரிகைப் பட்டை பதித்தால் காற்றுக் கசிவு அடங்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். சூட்டுக் கருவி வைத்தால் புகையும் கெடுதல், கண்ணாடியும் விரிசல் விடும்.

நீலவரை:
மேலே சொன்னதோடு: உள்பக்கம் தனிச் சட்டத்தில் இரண்டாம் கண்ணாடி போடுவதற்குச் சம்மதம் கிடைப்பது எளிது. பழைய ஜன்னலைத் தொடுவதில்லை, பிற்பாடு கழற்றியும் விடலாம். உள் சட்டத்தை இறுக்கமாக அடையுங்கள். வெளிச் சாஷில் கொஞ்சம் காற்றோட்டம் விடுங்கள், இல்லையென்றால் இடைவெளியில் நீர் கோக்கும். இதற்கும் அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே ஆபீசரிடம் கேளுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும், இழுப்பதும் உண்டு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் கொடுத்துப் புகைப்படம், பழுது, செய்யப்போகும் வேலை ஆகியவற்றை அட்டவணையாக வையுங்கள். குறுக்குச் சட்டத்தின் வெட்டுத்தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். 1:50 வரைபடத்தில் அந்த 20 மி.மீ. ஒரு கோடாகத்தான் தெரியும். கட்டடத்தின் சிறப்பை விளக்கும் ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட்டும் கட்டாயம். கிரேடு டூ ஸ்டார் என்பதால் அரசின் பாரம்பரிய ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கும் தகவல் போகும்.

பட்ஜெட்டில் ஒன்று: அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு முன்பு வாட் வரி பூஜ்யமாக இருந்தது. 2012 அக்டோபர் 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது 20 சதவீதம்.

வரைபலகை:
ஷட்டர்கள், அவை மடங்கி நிற்கும் பெட்டிக்குள் பெயின்ட் ஒட்டிப் போய்த் திறக்கவே வரவில்லை. அவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டாம் கண்ணாடி வைக்கலாமா?

உளிச்சத்தம்:
எடுக்காதீர்கள், அவையும் பாதுகாப்பில்தான். பெயின்ட் ஒட்டிய இடுக்கை மெல்லிய கத்தியால் மேலிருந்து கீழாக மெதுவாக அறுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். கீல் ஆணிகள் துருப்பிடித்திருக்கும், நெம்ப வேண்டாம். இரவில் சாத்தினால் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் கிட்டத்தட்டப் பாதியாகும், செலவில்லாமல். இரண்டாம் கண்ணாடிச் சட்டத்தை சாஷுக்கும் ஷட்டர் மடங்கி வரும் இடத்துக்கும் நடுவில் பொருத்துங்கள். அங்கே எத்தனை மி.மீ. இருக்கிறது என்று எல்லா ஜன்னலிலும் தனித்தனியாக அளந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். 240 வருடச் சுவர், இரண்டு ஜன்னல் ஒரே அளவில் இருக்காது.