பேங்கில் கொடுத்த நம்பர் இப்போ யார் கையில்? – நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டை, வங்கிப் பணி ஓய்வு

போன் வழி மோசடியில் பணம் போனவர்கள் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "நான் யார்ட்டயும் பின் நம்பர் சொல்லவே இல்லையே." அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. பின் நம்பரைத் திருட வேண்டிய தேவையே இல்லை, புதிதாக ஒன்று போட்டுக்கொள்ள முடியும்.

ஒரு போனில் ஜிபே மாதிரியான யு.பி.ஐ. செயலியைப் பதியும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். எழுத்தும் எண்ணும் கலந்த, படித்தால் ஒன்றும் புரியாத நீளமான வரி. அது எந்த நம்பரிலிருந்து வருகிறதோ அந்த நம்பருக்குரிய கணக்குகள் அந்தச் செயலியில் திறந்துகொள்ளும். அதன் பிறகு ஏ.டி.எம். கார்டின் கடைசி 6 எண், காலாவதி மாதம், வருடம், ஒரு ஓ.டி.பி. இவ்வளவு இருந்தால் புது பின் தயார். கார்டு இல்லாதவர்களுக்கு ஆதார் ஓ.டி.பி. வழியும் இருக்கிறது.

ஆகவே பணப்பெட்டியின் சாவி என்பது வங்கியில் பதிந்திருக்கும் அந்த 10 இலக்க நம்பர்தான். "நான் அனுப்புற மெசேஜை அப்படியே இந்த நம்பருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க, கே.ஒய்.சி. முடிஞ்சிரும்" என்று ஒருவர் போனில் சொன்னால், அந்தப் புரியாத வரியைத்தான் உங்கள் சிம்மிலிருந்து அனுப்ப வைக்கிறார். அனுப்பிய நொடியில் உங்கள் கணக்கு அவர் போனில் பதிந்துவிடும். ஓ.டி.பி.யைச் சொல்லக்கூடாது என்று ஊருக்கே தெரியும். இந்த வரியை அனுப்பக்கூடாது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

உங்கள் மேசைக்கு வந்ததை எழுதுங்கள். ஏமாற்றுக்காரன் எப்படி நுழைந்தான், எங்கே தடுக்க முடிந்தது என்பது போதும். ஆள் பெயர் வேண்டாம்.

வண்ணார்பேட்டை, செல்போன் சர்வீஸ்

இங்க அதிகமா வாறது ஏ.பி.கே. ஃபைல் ஏறுன போன்தான். வாட்ஸ்அப்ல வரும். பேரு "கல்யாணப் பத்திரிகை", "டிராஃபிக் சலான்", "பி.எம். கிசான்", "பேங்க் அப்டேட்"னு இருக்கும். தெரியாத ஆள் அனுப்பியிருக்க மாட்டாங்க. சித்தப்பா நம்பர்ல இருந்து வரும், கூட வேலை பாக்குத அண்ணாச்சி நம்பர்ல இருந்து வரும். அவங்க போன்ல ஏறுனது அங்க இருக்கிற காண்டாக்ட் எல்லாத்துக்கும் தன்னைத்தானே அனுப்பியிருக்கு. நிஜப் பத்திரிகைன்னா படமாவோ பி.டி.எஃப்.பாவோ வரும். பேரோட கடைசியில ஏ.பி.கே.ன்னு இருந்தா அது செயலி, பத்திரிகை இல்ல.

அப்படி ஒரு போனை மேசையில வச்சுப் பாத்தா வெளிய ஒண்ணும் தெரியாது. ஐகானே இருக்காது, ஏத்துன கையோட மறைஞ்சிரும். செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்டைக் கடைசி வரை தள்ளிப் பாத்தா, பேரே இல்லாமலோ "கஸ்டமர் சப்போர்ட்"ங்கிற மாதிரி பேர்லயோ ஒண்ணு உக்காந்திருக்கும். டீஃபால்ட் ஆப்ஸ்ல எஸ்.எம்.எஸ்.ங்கிற இடத்துல வழக்கமான மெசேஜ் செயலி இருக்காது, இது இருக்கும். அதனாலதான் ஓ.டி.பி. வந்தது அவங்களுக்கே தெரியாது. மெசேஜை வாங்கி அவனுக்கு அனுப்பிட்டு இங்க அழிச்சிரும். இந்தச் செயலிக்கு அனுமதி குடுத்திருக்கான்னு செட்டிங்ஸ்ல இன்னும் மூணு இடம் பாக்கணும்: நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ், அக்ஸஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின். டிவைஸ் அட்மின்ல டிக் இருந்தா அன்இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யாது. முதல்ல அந்த டிக்கை எடுக்கணும். எடுக்க விடலன்னா சேஃப் மோடுல (நாம ஏத்துன செயலி எதுவும் ஓடாம போனைத் திறக்கிற வழி) போயி எடுக்கணும்.

பதட்டத்துல நேரா ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டு வந்திருதாங்க. அதுல ரெண்டு கெடுதி. ஒண்ணு, புகாருக்கு வேண்டிய ஸ்கிரீன்ஷாட், ஃபைல் பேரு, அனுப்புன நம்பரு எல்லாம் போயிரும். ரெண்டாவது, கால் ஃபார்வர்டிங் (நமக்கு வாற அழைப்பை வேற நம்பருக்குத் திருப்புறது) போட்டிருந்தா ரீசெட்ல அது போகாது. அது போன்ல இல்ல, நெட்வொர்க்குல பதிஞ்சு கிடக்கும்.

செய்ய வேண்டிய வரிசை: டேட்டாவையும் வைஃபையையும் அணைக்கணும். சிம்மைக் கழட்டி ஒரு பட்டன் போன்ல போடணும். அதுலயே *#21# அடிச்சு அழைப்பு எங்கயாவது திரும்புதான்னு பாத்து, ##002# அடிச்சு எல்லாத் திருப்பலையும் ரத்து பண்ணணும். பேங்குக்குச் சொல்லியாச்சு, படம் எடுத்தாச்சுன்னா மட்டும் ரீசெட். பாஸ்வேர்டு மாத்துறது வேற போன்ல இருந்துதான், இந்தப் போன்ல இருந்து வேண்டாம்.

கூரியர் வந்திருக்கு, இந்த கோட் நம்பரை அடிங்கன்னு யாராவது சொன்னா, *21* இல்லாட்டி *401* போட்டு அதுக்குப் பின்னால ஒரு 10 இலக்க நம்பர் இருக்கும். அதுவும் இதே திருப்பல்தான். குரல் வழியா வாற ஓ.டி.பி. அவனுக்குப் போவும்.

களக்காடு, வங்கி முகவர்

இந்தப் பக்கம் வாழை விவசாயம். காசு கணக்கில் வரும், ஆனால் கணக்கில் இருக்கும் நம்பர் 10 வருடம் முன்னால் மகன் வாங்கிக் கொடுத்தது. மகன் திருப்பூர் போயாச்சு, சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால் கம்பெனி நம்பரைத் துண்டிக்கலாம். துண்டித்து இன்னொரு 90 நாள் கழிந்தால் அதே நம்பரை வேறொருவருக்கு விற்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். கணக்கு வைத்திருக்கும் ஆச்சியின் பேங்க் மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போகும், ஆச்சிக்கு ஒன்றும் வராது. பாஸ்புக் போடும்போதுதான் எவ்வளவு போனது என்பதே தெரியும்.

ஆச்சிகள் பாஸ்புக்கோடு வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கடைசியா பணம் வந்தப்போ உங்க போன்ல மெசேஜ் வந்துச்சா?" இல்லை என்றால் அன்றைக்கே கிளைக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, கைரேகை. ஆதார் வழிப் பணம் எடுப்பில் ஓ.டி.பி.யும் இல்லை, பின்னும் இல்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல், இவ்வளவே. அச்சு எடுத்த போலி ரேகையை வைத்து எடுத்த வழக்குகள் நாட்டில் உண்டு. இதைத் தடுக்க ஆதார் ஆணையத்தின் செயலியில் கைரேகையைப் பூட்டும் பயோமெட்ரிக் லாக் இருக்கிறது. ஆனால் பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் 330 என்று பிழை காட்டும். மெஷின் கோளாறு என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். கடைக்குப் போய் வரிசையில் நிற்கும்போது தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும்.

மெஷினில் "ஃபெயில் ஆயிட்டு, இன்னொரு தடவை விரல் வைங்க" என்று ஒரு முகவர் சொன்னால், முதல் தடவைக்கான சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டு வையுங்கள். சீட்டு தராத இடத்தில் விரல் வைக்க வேண்டாம். இந்தத் தொழில் செய்கிறவனே இதைச் சொல்கிறேன்.

திருநெல்வேலி டவுன், கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்

ரத வீதிக் கடைகளில் ஆனித் தேரோட்ட சமயம் கூட்டம் நெரியும். அப்போது நடப்பது மூன்று. கியூஆர் அட்டைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது ஒன்று. தினமும் கடை திறந்ததும் ஸ்கேன் செய்து வரும் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். போலிச் செயலியில் பச்சை டிக் காட்டுவது இரண்டாவது. பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி சொல்லாமல் பொட்டலத்தை நீட்ட வேண்டாம். "பணம் ஏறிற்று" என்ற மெசேஜ் 10 இலக்க நம்பரிலிருந்து வந்தால் அது வங்கி இல்லை.

மூன்றாவதுதான் கடைக்காரர்களை உண்மையில் முடக்குகிறது. "அண்ணாச்சி, 5,000 ஜிபேல போடுதேன், கேஷா குடுங்க, ஏ.டி.எம்.ல பணம் இல்ல" என்று ஒருவர் வருவார். பணம் நிஜமாகவே ஏறும். ஆனால் அது வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்து இழந்த பணமாக இருந்தால், அங்கே புகார் பதிந்ததும் அந்தத் தொகை கடைக் கணக்கில் பிடித்து வைக்கப்படும். சில சமயம் கணக்கே முடங்கும், சரக்குக்காரருக்குக் கொடுத்த செக் திரும்பும். முடங்கினால் கிளையில் கேட்க வேண்டியவை: புகார் ஒப்புகை எண், எந்த ஊர்க் காவல் நிலையம், எந்தப் பரிவர்த்தனை. பில் நகலோடு கடிதம் கொடுத்து, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி மீதியைத் திறக்கக் கேளுங்கள். பில் போட்ட கடைக்காரருக்கு வழி உண்டு. கேஷ் மாற்றிக் கொடுத்தவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

தென்காசி, கம்ப்யூட்டர் சென்டர்

குற்றாலம் சீசனில் தொலையும் போன்களைப் பற்றி. ஸ்கிரீன் லாக் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எடுத்தவன் போனை விட்டுவிட்டு சிம்மை மட்டும் கழற்றி வேறு போனில் போடுவான். அங்கே உங்கள் லாக் செல்லாது, ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு. தடுப்பது சிம் பின்: செட்டிங்ஸில் செக்யூரிட்டி, சிம் லாக். போனை அணைத்துப் போட்டாலும் சிம்மை மாற்றினாலும் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் பி.யு.கே. (பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்) கேட்கும், அதைப் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம்மே செத்துவிடும். கம்பெனி கொடுத்த பழைய பின்னைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள், குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

தொலைந்தால் முதலில் சிம்மை நிறுத்துங்கள், அடுத்து வங்கி. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) கொடுத்து போனையே முடக்கலாம். அந்த எண்ணை இப்போதே *#06# அடித்து வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மாற்று சிம் வாங்கியபின் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. அது கோளாறு இல்லை, உங்கள் பெயரில் வேறொருவன் சிம் வாங்கினாலும் உடனே ஓ.டி.பி. கிடைக்காமல் இருக்கவே வைத்த தடை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் திடீரென்று சிக்னல் போய் மணிக்கணக்கில் வராவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பாளையங்கோட்டை, வங்கிப் பணி ஓய்வு

பணம் போனபின் என்ன என்று தனியே கேட்டிருந்தார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். கையில் இருக்க வேண்டியவை கணக்கு எண், தொகை, நேரம், யு.பி.ஐ.யின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். கூடவே வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி அதை வைத்துத்தான் பொறுப்பைப் பிரிக்கிறது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்ற நிலையில், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000. ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தாலும், புகார் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள் இழப்பது இந்த உரிமையைத்தான். பிள்ளைகள் திட்டாமல் இருந்தால் பெரியவர்கள் உடனே சொல்வார்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்புக்குப் போகலாம், விவரத்துக்கு 14448.

களக்காடு, வங்கி முகவர்

நம்பர் மாற்றும் வழியையும் கேட்டிருந்தார்கள். பாஸ்புக், ஆதார் அசல், இப்போது பயன்படுத்தும் சிம் போட்ட போன் மூன்றோடும் கணக்கு உள்ள கிளைக்கே போய் படிவம் கொடுக்க வேண்டும். மாறியதும் 100 ரூபாய் போட்டு மெசேஜ் வருகிறதா என்று கவுன்டரிலேயே நின்று பாருங்கள். ஆதாரிலும் பழைய நம்பர்தான் இருக்கும், அதையும் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். கட்டணம் 75 ரூபாய்.