சூடான நிலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பெட்ரோல் கார்: உதவி தேவை

வணக்கம். எங்கள் பெட்ரோல் கார் குளிர்ந்த நிலையில் சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் நீண்ட தூரம் ஓடியபின் நிறுத்தி, சூடு தணியுமுன் மீண்டும் முயன்றால், ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை நன்றாகச் சுற்றினாலும் அது பற்றிக்கொள்வதே இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் வழக்கம்போல் ஓடுகிறது.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறது. இன்ஜின் சுற்றும்போதும் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்பதால் அதன்மீது எனக்குச் சந்தேகம் இல்லை. சாவியை ஆன் நிலையில் வைத்ததும் எரிபொருள் பம்ப் ஓரிரு வினாடிகள் ஒலிக்கிறது. எனினும் பம்ப் ஒலிப்பது ஒன்றே போதிய அழுத்தம் இருப்பதற்குச் சான்றாகாது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை.

வெப்பத்தில் உள்ளிணைப்பு விட்டுப்போய், ஆறியதும் மீண்டும் வேலை செய்யும் கிராங்க்ஷாஃப்ட் சென்சார்தான் (இன்ஜினின் சுழற்சியை உணர்ந்து காரின் கணினிக்குத் தெரிவிக்கும் பாகம்) காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாதபோது, இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கையில் ஸ்கேனர் அதன் சுழற்சி வேகத்தைப் பூஜ்யமாகவே காட்டினால் சென்சாரை மாற்றிவிடலாமா, அதன் வயரிங்கையும் முதலில் சோதிக்க வேண்டுமா? கசியும் இன்ஜெக்டரும் (இன்ஜினுக்கு எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) இதே அறிகுறியைத் தரக்கூடும் என்பதால், எரிபொருள் அழுத்தத்தை எந்தக் கட்டத்தில் அளப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வயதான பெற்றோருடன் பயணம் செய்வதால், ஊகத்தில் உதிரிபாகங்களை மாற்றிப் பார்க்க எனக்கு மனமில்லை.