பழைய பர்மா தேக்கு சோபாவிற்கு நாமே வரைந்த அச்சுத்துணி: எந்தத் துணி, எந்த அச்சு?

கேள்வி (தேவகோட்டை)

அனைவருக்கும் வணக்கம். குடும்பச் சொத்தில் என் பங்காக மூவர் அமரும் சோபா ஒன்றும் ஒற்றை நாற்காலிகள் இரண்டும் வந்திருக்கின்றன. பர்மா தேக்கில் செய்த சட்டம் இன்றும் உறுதியாக இருக்கிறது. இருக்கையில் ஸ்பிரிங்கும் அதன்மேல் தென்னை நாரும் உள்ளன. இடையில் யாரோ போர்த்திய ரெக்ஸின் மட்டும் வெடித்து உரிந்துவிட்டது. அதே வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரையிலுள்ள பூ வடிவத்தை என் மகள் கணினியில் வரைந்து தந்திருக்கிறாள். அதை இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தித் துணியில் அச்சிட்டுப் போர்த்த விரும்புகிறேன். விசாரித்த அச்சகங்கள் எல்லாமே தங்கள் துணி சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்கின்றன. எதை வைத்து நம்புவது? இங்குள்ள குஷன்காரரோ ஸ்பிரிங்கையும் நாரையும் எடுத்துவிட்டு ஃபோம் வைக்கச் சொல்கிறார்.

பதில் (கோயம்புத்தூர், குஷன் வேலை)

வணக்கம் அம்மா. துணிக்குப் போவதற்கு முன் உள்வேலையை முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கையும் நாரையும் எறிய வேண்டாம். ஃபோம் காலப்போக்கில் அமுங்கிப் பொடியாக உதிரும், மண்ணில் மக்கவும் செய்யாது. தென்னை நாரை உதறி, வெயிலில் காயவைத்து, கையால் பிரித்துவிட்டால் மறுபடியும் பொங்கி நிற்கும். இத்தகைய இருக்கைகளில் பெரும்பாலும் நைந்திருப்பவை, ஸ்பிரிங்குக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடித்த சணல் நாடாவும், ஸ்பிரிங்குகளை எட்டுத் திசையிலும் பிணைத்த கயிறும்தான். அவற்றை மாற்றி, ஸ்பிரிங்கின் மேல் புதிய சாக்குத்துணி, அதன்மேல் உங்கள் பழைய நார், அதற்கும் மேல் இலவம் பஞ்சு அல்லது பருத்திப் பஞ்சு, எல்லாவற்றையும் இழுத்து மூடும் வெள்ளைக் காடா என்ற வரிசையில் வேலை வாங்குங்கள். காடா வரை முடித்துவிட்டால், அச்சுத்துணி நைந்துபோகும் நாளில் உள்வேலையைத் தொடாமல் மேல்துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூட்டுகள் ஆடினால், அவை பழைய வஜ்ரப் பசையில் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) ஒட்டியவையாக இருக்கும். வெந்நீரில் இளகும் அந்தப் பசையின்மேல் புதிய பசையை ஊற்ற விடாதீர்கள்.

பூ வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் சதுரமானது, ஆனால் பழைய இருக்கை எதுவும் சதுரமாக இருப்பதில்லை. முன்புறம் அகன்று, பின்புறம் குறுகி, நடுவில் சற்று மேடாக இருக்கும். கட்டம் கட்டமாக அச்சிட்ட துணியை அந்த மேட்டின்மேல் இழுத்து ஆணி அடித்தால், ஓரக் கோடுகள் வளைந்து, வாசலில் நின்று பார்த்தாலும் கோணல் தெரியும். ஆகவே கட்டக் கோட்டை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்து, ஒவ்வோர் இருக்கையின் நடுவிலும் ஒரு பெரிய பூ வருமாறு அமைக்கச் சொல்லுங்கள். முதலில் காக்கித் தாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு மாதிரி வெட்டி, நடுக்கோடு குறித்து, இழுத்து அடிப்பதற்காக நான்கு பக்கமும் 10 செ.மீ. கூட்டி, அந்த அளவுகளை அச்சகத்துக்குக் கொடுத்தால், மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டி எறியும் துணி குறையும்.

பதில் (திருப்பூர், துணி அச்சு)

மேலே சொன்ன உள்வேலை முறையை நானும் ஏற்கிறேன், துணிக்கு வருகிறேன். திரைச்சீலைத் துணியை இருக்கைக்கு எடுக்காதீர்கள். சதுர மீட்டருக்கு 280 முதல் 350 கிராம் வரை எடையுள்ள, நெருக்கமாக நெய்த பருத்திக் கேன்வாஸ் ஏற்றது. மார்ட்டிண்டேல் தேய்மானச் சோதனையில் ஏறத்தாழ 20,000 சுற்றுகள் தாங்கும் துணியை வீட்டு இருக்கைக்குப் போதுமானதாகக் கொள்வது வழக்கம்.

அச்சகத்தில் முதலில் கேட்க வேண்டியது, எந்த மை என்பதுதான். சப்ளிமேஷன் அச்சு (மையைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை) பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். அம்முறையில் அச்சிட்டுவிட்டுப் பருத்தி என்று சொல்பவரிடம் ஓர் இழையை வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பருத்திக்கு ரியாக்டிவ், பிக்மென்ட் என்று இரண்டு வழிகள் உள்ளன. ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பால் ஒன்றிவிடுவதால் உட்கார்ந்து எழும் தேய்ப்பை நன்கு தாங்கும்; ஆனால் அச்சிட்டபின் ஆவியில் வேகவைத்து, பிணையாத சாயத்தை நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். பிக்மென்ட் மை வெப்பத்தில் இறுகிவிடுவதால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. ஆனால் நிறம் துணியின் மேற்பரப்பிலேயே நிற்பதால், கைப்பிடியின் முனையிலும் இருக்கையின் முன்விளிம்பிலும் முதலில் வெளுக்கும். நான் இருக்கைக்கு ரியாக்டிவ், முதுகுப் பகுதிக்கும் திண்டு உறைகளுக்கும் பிக்மென்ட் என்று பிரித்துக்கொள்வேன். நிறம் சற்று மாறுபடும் என்பதால் இரண்டின் மாதிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரியாக்டிவ் என்றால் அலசிய நீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து வந்ததால், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. சான்றிதழ்களில் ஜி.ஓ.டி.எஸ். (GOTS, இயற்கை வேளாண் துணிகளுக்கான உலகத் தரநிலை) முத்திரை இயற்கை வேளாண் இழையையும் பதப்படுத்தும் முறையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100, துணியில் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே சோதிக்கிறது, பருத்தி எப்படி விளைந்தது என்று சொல்வதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டக் கோட்டை நீக்கித் திருத்தி வரையும்படி மகளிடம் சொல்லிவிட்டேன். கணினி அச்சுக்குப் பதிலாக மரக்கட்டை அச்சும் இயற்கைச் சாயமும் பொருந்துமா?

பதில் (கும்பகோணம்)

பொருந்தும் அம்மா, ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டும். கடுக்காயில் ஊறவைத்த துணியில் இரும்பும் வெல்லமும் புளித்த நீர் தரும் கருப்பு, படிகாரத்தோடு சேர்ந்து வேர்ச்சாயம் தரும் சிவப்பு, அவுரியின் நீலம் ஆகியவை நெடுநாள் நிற்கும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் விரைவில் போய்விடும், ஆத்தங்குடிக் கல்லின் மஞ்சளுக்காக அதை நாட வேண்டாம். கட்டை செதுக்கும் கூலியும் தனியாக வரும் என்பதால், ஒரு சோபாவுக்கும் இரண்டு நாற்காலிகளுக்கும் மட்டும் என்றால் செலவு கணிசமாகக் கூடும்.

எந்த வழியானாலும் முதலில் ஒரு மீட்டர் மட்டும் அச்சிட்டு வாங்குங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பிறகு பாதியைக் கெட்டி அட்டையால் மறைத்து, சோபா போடவிருக்கும் அறையின் சன்னலில் சில வாரங்கள் தொங்கவிட்டு, இரு பாதிகளின் நிறத்தையும் ஒப்பிட்டபின் முழு அளவுக்கும் முன்பணம் கொடுங்கள்.